கொட்டாவி விட்ட சிங்கம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி, ஜி.என்.டி. ரோட்டில் தெற்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பைக்குள் மாற்றுச் சட்டை, லுங்கி, சில பிரஷ்கள். பின்னால் நான் விட்டுவிட்டு வந்த, இரும்புப் பைப்புக்கு நிறம் ஏற்றுகிற பவுடர் கோட்டிங் ஷெட். முன்னால்… ஒன்றுமில்லை, ரோடுதான்.

வேலையை விட்டு வந்தால் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் கொள்கை. பெரிய கொள்கையெல்லாம் இல்லை. அந்த ரோட்டில் திரும்பிப் பார்த்தபடி நடந்தால் லாரிக்காரன் தூக்கிவிடுவான்.

“மறுபடியுமா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாதா என்ன! எட்டாம் வகுப்பை விட்டதில் தொடங்கியது, இன்னும் விட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

இந்தத் தடவை சண்டைகூட இல்லை. தங்கியிருந்த ரூமில் ஒரு பாய்க்கு இரண்டு பேர். பகல் ஷிஃப்டுக்குப் போகிறவன் எழுந்ததும், நைட் ஷிஃப்ட் முடித்தவன் அதே பாயில் படுப்பான். பாய் ஆறுவதே கிடையாது. என் பாய்ப் பங்காளி ஒடிசாக்காரன். போன வாரம் தம்பியைக் கூட்டிவந்துவிட்டான். தம்பிக்குப் பாயும் வேண்டும், வேலையும் வேண்டும். எனக்கு இரண்டுமே சலித்திருந்தன. கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். இதில் தியாகம் எதுவும் இல்லை. அந்தப் பாயைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

கவரைப்பேட்டை வருவதற்கு முன்னால், ரோட்டோரம் தார்ப்பாய் போட்ட ஒரு கொட்டகை. அதற்கு முன்னால் ஒரு காடே நின்றது. மான், மயில், வாத்து, தவளை, இடுப்பில் குடம் வைத்த பெண், வாயைப் பிளந்த இரண்டு சிங்கங்கள்… எல்லாம் கான்கிரீட். தோட்டத்திலும் கேட்டுத் தூணிலும் வைக்கிற பொம்மைகள்.

பாதிக்குப் பெயிண்ட் முடிந்திருந்தது, பாதிக்கு முடியவில்லை. ஆனால் ஒன்றுக்கும் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை முழி.

“இன்னா நைனா, பொம்மை வாங்கவா, நிழலுக்கு ஒதுங்கவா?” என்று உள்ளிருந்து ஒரு குரல்.

“தண்ணி குடிக்கலாம்னு…”

“பானை அங்க கீது, மொண்டுக்கோ. மயில் மேல சாயாத, கழுவுன ஈரம் காயல.”

அவர்தான் மேரிக்கா. கொட்டகைக்குச் சொந்தக்காரி. வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கணவர் மோகன் பின்பக்கம் அச்சில் கான்கிரீட் ஊற்றுகிறவர். பெயிண்ட் அடிப்பது மேரிக்கா. ஈரக் கலவையில் வழுக்கி விழுந்ததில் பெயிண்ட் அடிக்கிற கை போய்விட்டது.

“கை ஒடைஞ்சதுகூடப் பரவால்ல. ஆவணியில ஒடைஞ்சிச்சு பாரு, அதான் பேஜாரு” என்றார். ஆவணியில்தான் வரிசையாகக் கிரகப்பிரவேசம். புது வீட்டுக்காரர்கள் சிங்கம் தேடி வரும் மாதம். “ரெண்டு பார்ட்டி அந்தாண்ட பொம்மை யார்டுக்குப் போயிட்டாங்க. இந்த மாசம் இப்படியே போச்சுன்னா கொட்டாயைப் பிரிச்சிக்கினு போவ வேண்டிதுதான்.”

“உங்க வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்க மாட்டாரா?”

“அடிப்பாரே! மானுக்குக் கலர் குடுப்பாரு, கழுதை வந்து நிக்கும்.”

பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் கேட்டது.

“நான் அடிச்சுத் தரேன்க்கா” என்றேன்.

“இதுக்கு முன்னாடி அடிச்சிகிறியா?”

“கம்பெனி பைப்பு, கேட்டு, கோயில் மதில், கல்யாண மண்டபம், ஒரு தடவை பழவேற்காட்டுல மீன்பிடிப் படகுகூட…”

“பொம்மை?”

“பொம்மை மட்டும்தான் பாக்கி.”

மேரிக்கா சிரித்துவிட்டார். ஒரு வயர் பிரஷ்ஷை எடுத்து என் பக்கம் போட்டார்.

முதல் வேலை சிங்கங்கள். புதுசு இல்லை. பொன்னேரியில் இடித்த ஒரு பழைய பங்களாவின் கேட்டிலிருந்து எடுத்துவந்தவை; பழைய கண் வெயிலிலும் மழையிலும் எப்போதோ அழிந்துபோயிருந்தது. ஒன்றுக்குத் தாடை உடைந்திருந்தது. மோகன் உள்ளேயிருந்த கம்பியின் துருவைச் சுரண்டி, புதுக் கம்பி கட்டி, தாடையைப் பூசி, ஈரச் சாக்கு போர்த்திப் பதமாக ஆறவிட்டிருந்தார். துருவை அப்படியே வைத்துப் பூசினால் என்ன ஆகும்? அது உள்ளேயே வீங்கி, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் தாடையைக் கீழே தள்ளிவிடும்.

என் பங்கு, பிடரி மயிர் வரிகளில் ஒட்டியிருந்த பழைய பெயிண்ட். அப்பளம் மாதிரி உப்பி வந்தது. பிரவுனுக்குக் கீழே மஞ்சள். மஞ்சளுக்குக் கீழே சில்வர்! ஒரு காலத்தில் இந்தச் சிங்கம் வெள்ளிப் பாத்திரம் போல மின்னியிருக்கிறது. யாருடைய ரசனையோ…

சுரண்டி, கழுவி, வெயிலில் காயவிட்டு, பிரைமர் கொடுத்து, காவி கலந்த மஞ்சளை உடம்புக்கும் அடர் பிரவுனைப் பிடரிக்கும் ஓட்டினேன். மேரிக்கா கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தார். குறை சொல்லவில்லை. அந்த மாதிரி ஆட்கள் குறை சொல்லாமல் இருந்தால் பாஸ் என்று அர்த்தம்.

“நான் பொன்னேரி ஆஸ்பத்திரியில கட்டைக் காமிச்சிட்டு வந்துடறேன். நீ கலரை ஓட்டிக்கினு இரு” என்று ஷேர் ஆட்டோ ஏறிப் போனார்.

மதியத்துக்குள் சிங்கங்கள் முடிந்தன. மிச்சமிருந்த மான், வாத்து எல்லாவற்றுக்கும் நிறம் முடிந்தது. கை நிற்கவில்லை. நல்ல வேலை அமைந்துவிட்டால் எனக்குப் பசிகூடத் தெரியாது. (நல்லதுதான். சாப்பாடும் இல்லை.)

அப்போதுதான் அந்த வெள்ளை முழிகள் மறுபடியும் கண்ணில் பட்டன. பாவம், கை உடைந்ததால் இந்தம்மாவால் கண் வரைய முடியவில்லை, அதுதான் இப்படி நிற்கின்றன என்று நானாகவே முடிவு கட்டினேன். பவுடர் கோட்டிங்கில் பைப்பின் நுனி விட்டுப்போனால் மொத்த பைப்பையும் திருப்பி அனுப்புவார்கள். கண் இல்லாத சிங்கத்தை முடித்த வேலை என்று எப்படிச் சொல்வது?

வரைந்தேன். பழுப்பு வட்டம், நடுவில் கறுப்பு, அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. உயிர் இருப்பது அந்தப் புள்ளியில்தான். இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் விழ வேண்டும். ஒன்று மாறினாலும் காட்டு ராஜாவுக்கு மாறுகண்.

சிங்கத்துக்கு வைத்தேன். மானுக்கு வைத்தேன். மயில், வாத்து, தவளை, குடம் வைத்த பெண்… ஒருவரையும் விடவில்லை. வெயில் சாயும்போது கொட்டகை மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே பெருமை.

மேரிக்கா ஆட்டோவிலிருந்து இறங்கினார். இரண்டு அடி வைத்தார். நின்றார். நல்ல கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“யாரு… யாரு தொறந்தது?”

“நான்தான்க்கா. எப்படி இருக்கு?”

“இன்னா காரியம் பண்ணி வெச்சிகிற! மொத்த யார்டுக்கும் கண்ணைத் தொறந்துட்டியேய்யா!”

விஷயம் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வட்டாரத்தில் பொம்மைக்குக் கண் வைப்பது வாங்குகிற ஆள் வந்த பிறகுதான். வண்டியில் ஏற்றும் முன்னால் அவரை எதிரில் நிற்க வைத்து, அவர் பார்க்கக் கண் திறக்க வேண்டும். பொம்மை முதலில் பார்க்கிற முகம் சொந்தக்காரர் முகமாக இருக்க வேண்டும். அதனால் கண் திறந்த பொம்மை யார்டில் நின்றால், அது வேறு யாருக்கோ போன பொருள் என்று அர்த்தம். ஒருவரும் தொட மாட்டார்கள்.

கோயில் சிலைக்குத்தானே கண் திறப்பார்கள்? வாத்துக்குமா? மேரிக்காவின் கழுத்தில் சிலுவை டாலர் ஆடிக்கொண்டிருந்தது. இது எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு டெம்போ வந்து நின்றது. சிங்கங்களைப் போனிலேயே பேசி வைத்திருந்த பார்ட்டி. கருணா, தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி சட்டையோடு, தூக்கம் கெட்ட கண்ணோடு இறங்கினார். கூடவே மனைவி தேவி. பொன்னேரிப் பக்கம் மனை வாங்கிக் கட்டிய வீடு. நாளை மறுநாள் கிரகப்பிரவேசம்.

கருணா சிங்கத்தைப் பார்த்தார். “இன்னாக்கா, வேற ஆளுக்குக் குட்த்துட்டியா?”

“ஐயோ இல்லப்பா! உனக்குதான் வெச்சினுகிறேன்.”

“அப்ப கண்ணு தொறந்துகீதே? எவன் மூஞ்சியில முழிச்சிச்சோ!”

நான் முன்னால் வந்தேன். “வேற யாரும் இல்லீங்க. என் மூஞ்சியைத்தான் பார்த்துச்சு.”

தேவி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். “அதான் வாணாம்ன்றேன். வாங்க, அந்தாண்ட யார்டுல பாக்கலாம்.”

மேரிக்கா உடைந்த கையை நல்ல கையால் தாங்கிக்கொண்டு நின்றார். அந்த மாதத்தின் மூன்றாவது பார்ட்டி கண் எதிரில் டெம்போவை நோக்கித் திரும்புகிறது…

மோகன் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தார். “வெள்ளை அட்ச்சு மூடிட்டு, இவங்க முன்னாடி புதுசா தொறந்துடலாமே?”

“தொறந்த கண்ணை அவிச்சுட்டு அப்புறம் கண்ணு வெப்பியா? குருட்டுச் சிங்கத்தையா ஊட்டு வாசல்ல வெப்பாங்க?” மேரிக்கா சீறினார். “போய் கலவையைக் கிளறு.”

எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். பாதி வேலைகள் போனதே அதனால்தான்.

“அவிக்க வேணாம்க்கா. தூங்க வெச்சிடறேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இமை வரைஞ்சு மூடிடறேன். தூங்கட்டும். எழுப்பும்போது யார் எதிர்ல நிக்கிறாங்களோ, அவங்க மூஞ்சியிலதானே முழிக்கும்? நீங்க காலையில எழுந்து யார் மூஞ்சியில முழிக்கிறீங்கன்னுதானே பார்க்கறீங்க? நேத்து யாரைப் பார்த்தீங்கன்னு யார் கேக்கறாங்க?”

தேவி யோசித்தார். மேரிக்கா தேவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கருணா மெதுவாக, “அது நாயந்தான்… தூங்கி எழுந்தா புது நாளுதானே” என்றார்.

“வரை, பாப்போம்” என்றார் தேவி. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

உடம்பின் நிறத்தையே எடுத்து இரண்டு சிங்கத்துக்கும் இமையை இறக்கினேன். கீழே பிரவுனில் ஒரு வளைவு. தள்ளி நின்று பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. சிங்கத்தின் வாய் பிளந்தபடியேதானே இருக்கிறது? கர்ஜிக்கிற வாய், மூடின கண். இப்போது அது கர்ஜிக்கவில்லை. நன்றாகக் கொட்டாவி விட்டது.

போச்சு, பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

தேவி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. “இன்னாங்க… நீங்க நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வாசல்ல வந்து நிப்பீங்களே, அசலா அதேதான்!”

“யாரு, நானா?” கருணா முறைக்கப் பார்த்தார். முறைக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அவருக்கே ஒரு கொட்டாவி வந்தது, சிங்கத்தைவிடப் பெரிசாக. அதைப் பார்த்து மோகனுக்கும் வந்தது. மேரிக்கா சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு வலித்து, “அய்யோ… யேசப்பா…” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டையும் எழுப்பிடவா?” என்று கேட்டேன்.

“வாணாம், ஒண்ணை மட்டும் எழுப்பு” என்றார் தேவி. “இன்னொண்ணு தூங்கட்டும். ரெண்டும் ஒரே ஷிஃப்டா பாக்கணும்?”

புருஷனும் பெண்டாட்டியும் சிங்கத்துக்கு எதிரில் வந்து நின்றார்கள். சிரிப்பு தானாக நின்றது. கருணா செருப்பைக் கழற்றினார். தேவி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நான் இமையை ஏற்றி, வட்டம் போட்டு, கறுப்பு வைத்தேன். “புள்ளியை அவங்க நிக்கிற பக்கம் வை” என்று மேரிக்கா காதருகே மெதுவாகச் சொன்னார். வைத்தேன். சிங்கம் அவர்கள் இருவரையும் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது.

டெம்போ போனதும், மிச்சமிருந்த கூட்டத்தை இருட்டுவதற்குள் தூங்கவைத்தேன். மான் அழகாகத் தூங்கியது. மயிலும் பரவாயில்லை. தவளைக்குத்தான் முழி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது, இமை ஒட்டவே இல்லை. “அது கெடக்குது வுடு. தவளை யார் மூஞ்சியைப் பாத்தா இன்னா?” என்று மேரிக்கா விலக்குக் கொடுத்துவிட்டார்.

எத்தனையோ இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். தப்பு நடந்தால் மேலே ஒரு கோட் வெள்ளை அடித்து மூடு என்றுதான் எல்லா சூப்பர்வைசரும் சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளை அடித்த தப்பு கொஞ்ச நாளில் அப்பளமாக உப்பிக்கொண்டு வந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் தூங்கவைத்தால் சில தப்புகள் நல்லபடியாக எழுந்திருக்கின்றன. எல்லாத் தப்பும் இல்லை. சில.

மறுநாள் காலை தச்சூர் கூட்டு ரோடு வரை போய் வேலை தேடிப் பார்க்கலாம் என்று பையை மாட்டினேன். ஒரு கம்பெனியின் தோட்டத்துக்காரர் வாத்து வாங்க வந்து நின்றுகொண்டிருந்தார். மேரிக்கா கொட்டகைக்குள்ளிருந்து கத்தினார்.

“நைனா, எங்க கெளம்பிட்ட? எல்லாத்தையும் தூங்க வெச்சிட்டு நீ போயிட்டா யார் எழுப்பறது? நாஷ்டா துன்னுட்டு வந்து முதல்ல வாத்தை எழுப்பு!”

பையை இறக்கினேன். இப்போது எனக்கு எழுப்பிவிடுகிற வேலை. உங்கள் வீட்டில் ஒருத்தர் தினமும் காலையில் சம்பளமில்லாமல் செய்கிறாரே… அதேதான், ஆனால் எனக்குச் சம்பளம் உண்டு.