உபயம் எழுதாத வரிசை

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அமெரிக்கா வந்து ஐசலின் என்கிற ஊரில் பரோட்டாக் கடை போட்டேன். நியூ ஜெர்சிக் குளிரில் இட்லி மாவு பொங்காது என்றார்கள், பொங்க வைத்தேன். சால்னாவுக்கு இங்கே யார் வருவார்கள் என்றார்கள். சனிக்கிழமை மதியம் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். மகள் கயல்விழியை மதுரையில் டாக்டருக்குப் படிக்க வைத்தேன். மேலூர்க் கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்து, இறக்கைக்கு இறக்கை ‘உபயம்: முத்தையா, அமெரிக்கா’ என்று எழுதவும் வைத்தேன்.

இத்தனையும் செய்தவனை ஒரு லேப்டாப் ஆட்டம் காண வைத்துவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே டாக்டர் பட்டம் வாங்கியவர் இங்கே வந்ததும் வைத்தியம் பார்க்க முடியாது. பரீட்சைகள் எழுதி, ஏதாவது ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி என்கிற பயிற்சி இடம் பிடிக்க வேண்டும். கயல் முதல் பரீட்சையில் ஒரு தடவை ஃபெயில். அந்தச் சொல்லை இன்றுதான் எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், “படிச்சுக்கிட்டிருக்கா” என்பேன். சால்னா மசாலாவையே கதவைச் சாத்திக்கொண்டு கலக்குகிறவன் நான்.

விண்ணப்பம் போடும்போது பக்கத்திலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளாகச் சொன்னேன். எனக்காக நான்கைப் போட்டுவிட்டு, மீதியெல்லாம் டெக்சாஸில் கேள்விப்படாத ஊர்களாகப் போட்டாள். கேட்டால் இன்டர்நெட்டில் எல்லாரும் பார்க்கிற ஏதோ ஷீட்டாம். விண்ணப்பித்தவர்கள் பெயர் போடாமல் தங்கள் மார்க், ஃபெயில், எங்கே இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், எங்கே கூப்பிடவில்லை என்று ஆளுக்கொரு வரிசை எழுதி வைப்பார்களாம். அதில் ஒருவருக்கு அப்படியே கயலின் கதை: அதே மார்க், ஒரு ஃபெயில், இரண்டு வருட இடைவெளி. டெக்சாஸில் மூன்று இடங்கள் அவரைக் கூப்பிட்டிருந்தன.

“பேரே சொல்லாதவன் பேச்சைக் கேட்டு வாழ்க்கையை வைக்கிறியே!” என்று கத்தினேன். நான் சொன்ன நான்கில் ஒன்றுகூடக் கூப்பிடவில்லை. அந்த மூன்றில் ஒன்று கூப்பிட்டது. மார்ச்சில் இடமும் கொடுத்தது.

மறுநாள் மதியம், கடையின் மூலை மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஷீட்டில் தன் வரிசையை நிரப்பினாள். எட்டிப் பார்த்தேன். ‘ஃபெயில்: ஒன்று.’

“ஏம்மா, என்ன காரியம் பண்ற? போட்டிக்கு வர்றவனுக்கே எடுத்துக் குடுக்கிற?”

“எனக்கும் யாரோ குடுத்தாங்கல்லப்பா.”

“ரெண்டு வருஷமா நான் மூடி வெச்சதை இப்பிடிப் போட்டு உடைக்கிற!”

“பேரு இல்லப்பா. நான்னு யாருக்கும் தெரியாது.”

“குடுக்கிறதையும் குடுத்துட்டு, பேரும் வேணாமா?”

“ஃபேன் றெக்கையில எழுதின மாதிரி இதுல எழுத முடியாதுப்பா. சும்மா உக்காருங்க.”

நெஞ்சில் கை வைத்து நின்றேன். தோசை வாங்க வந்த வெள்ளைக்கார அம்மா, “ஆர் யூ ஓகே?” என்றார். மகளைக் காட்டி, “டாக்டர்! டாக்டர்!” என்றேன். நான் டாக்டரைக் கேட்கிறேன் என்று அந்த அம்மா பதறி ஆம்புலன்ஸுக்கு போன் எடுத்துவிட்டார். கயல் ஓடிப்போய்த் தடுத்தாள்.

அவள் எழுந்து போன நேரத்தில் அடுத்த கட்டத்தைப் படித்தேன். ‘இடைவெளி: இரண்டு வருடம்.’ அவ்வளவுதான்.

அதுதான் பெரிய அடி. ஃபெயில் ஆகி அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாட்களில் ரசம் சோறு பிசைந்து மாடிக்குக் கொண்டுபோனது நான். படிப்புக்குத் தொந்தரவு என்று கடையில் பாட்டை நிறுத்தியது நான். மறுபடி பரீட்சை எழுதியபோது எட்டு மணி நேரம் பார்க்கிங் லாட்டில் காருக்குள் இருந்தவன் நான். அதற்கெல்லாம் பெயர் இடைவெளியா?

மேலூரில் நான் இல்லை. என் பெயர் மட்டும் சாமிக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கே நான் இருக்கிறேன்; பெயருக்கு இடமில்லை. கயலின் வரிசையைப் பார்த்து எங்கோ ஒரு பிள்ளை வழி கண்டுபிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் பெயர் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். ஆனால் அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் ‘உபயம்: அப்பா’ என்று ஒரு வரி அவள் எழுதியே ஆக வேண்டும்.