லேமினேட் செய்த நோட்டீஸ்

தென்காசியில் சாரல் விழுகிறது. குற்றாலம் பஸ்ஸுக்காக, ஓடைக்கரை வீடுகளை ஒட்டிய டீக்கடையில் ஒதுங்கி நிற்கிறேன். எதிரே பந்தல் போட்டுப் பட்டா முகாம் நடக்கிறது. அங்கிருந்து வந்த ஒரு பெண், லேமினேட் செய்த தாள்களை என்னிடம் நீட்டுகிறாள்.

“அண்ணாச்சி, இதுல கவர்மெண்டு சீல் இருக்குல்லா? வருசா வருசம் தாராவ. இதக் காட்டுனா பட்டா உண்டுன்னாவ. இப்ப அந்த சார் பாத்துட்டு, வீட்டக் காலி பண்ணும்மாங்காரு.”

டீக்கடைக்காரர் சிரிக்கிறார். “கிழிச்சுப் போடுன்னு அன்னைக்கே சொன்னம்லா. இவ சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சா.”

“சிரிக்காதீரும். ஒம்ம கடையும் இதே ஓடையிலதான் நிக்கு.”

அவர் திரும்பிக்கொண்டு டீ ஆற்றுகிறார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். நீர்வழிப் புறம்போக்கை ஆக்கிரமித்ததற்கான நோட்டீஸ்கள். இங்கே குடியிருப்பதற்குச் சான்று என்று நம்பி ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தியிருக்கிறாள். ஓடையில் கட்டிய வீட்டுக்குப் பட்டா கிடையாது.

“எம் பேரு இருக்கா அண்ணாச்சி?”

இருக்கிறது. ஆக்கிரமிப்பாளர் என்ற இடத்தில், ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல்.

“இருக்கும்மா.”

“அப்ப இன்னொரு தடவ காட்டிப் பாக்கேன்” என்று மறுபடியும் பந்தலுக்கு நடக்கிறாள்.