இரண்டாயிரத்துக்கு மேலே அதற்குத் தெரியாது

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். யார் எப்போது சேர்ந்தார்கள், எப்போது நின்றார்கள் என்ற விவரமெல்லாம் எங்கள் மேசையில்தான் இருக்கும். அனுபவச் சான்று கேட்டு வருகிறவர்களின் பெயரைத் தேடிப் பார்த்து எழுதிக் கொடுப்பதும் நாங்கள்தான்.

'நாங்கள்' என்று பழக்கத்தில் சொல்கிறேன். இப்போது நான் மட்டும்தான். போன வருஷம் வரை பக்கத்து நாற்காலியில் அவன் இருந்தான். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடித்திருக்கிறோம். என் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் அவன். அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது. வேறு யாராவது செய்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

காண்ட்ராக்ட் ஆட்களின் ரிஜிஸ்டர்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. ஒரு பெயரைத் தேடினால் அரை நாள் போய்விடும், தும்மல் வேறு. புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் ஆப் செய்யலாம் என்று கம்பெனி ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டிருந்தது. பெட்டியை இழுத்து வைக்க வேண்டும், பட்டனை இழுத்து வைக்க வேண்டும், எக்ஸெல் ஃபார்முலா மாதிரி ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான். ஃபார்முலாவை அவன் எழுதினான். ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர்களை நான் அடித்தேன்.

தேடுகிற வரியை இரண்டு விதமாக எழுதலாம். பெயர் இந்த எழுத்துகளில் தொடங்குகிறதா என்று கேட்கலாம். பெயருக்குள் எங்காவது இந்த எழுத்துகள் இருக்கிறதா என்றும் கேட்கலாம். நம் ஊரில்தான் எல்லாப் பெயருக்கும் முன்னால் இனிஷியல் நந்தி மாதிரி குறுக்கே உட்கார்ந்திருக்கிறதே, தொடக்கத்தை வைத்து எப்படித் தேடுவது? அவன் இரண்டாவது விதத்தை எழுதினான். எழுதியதும் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து நின்றது.

"இன்னாடா இது?" என்று கேட்டேன்.

"அது சும்மா வரும். பெரிய லிஸ்ட்டுன்னா பயமுறுத்தும். கண்டுக்காத."

நானும் கண்டுகொள்ளவில்லை.

சில மாதம் கழித்து ஒரு வாட்ச்மேனின் பெயரைத் தேடினால் வரவில்லை. நானே அடித்த பெயர். அவனிடம் சொன்னேன். செட்டிங்ஸுக்குள் போய் எதையோ மாற்றினான், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "சரியாயிடுச்சு, பாரு" என்றான். பெயர் வந்தது. எனக்கு ஒரே பெருமை. கேன்டீனில் அவனுக்கு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அந்த பப்ஸை நினைத்தால் இப்போதும் என்மேலேயே கோபம் வருகிறது.

பிறகு அவன் சென்னையில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். நான் கேக் வெட்ட ஏற்பாடு செய்தேன்.

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்தியால்பேட்டைக்காரர். எங்கள் பேக்கிங் பிரிவில் காண்ட்ராக்டில் இரண்டு வருஷம் வேலை செய்தார். கம்பெனி பஸ் அவர் தெருமுனையில் கிளம்பி, ஊரைச் சுற்றி, மூலக்குளத்தில் என்னை ஏற்றும்போது பாதிப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அவர் மட்டும் பக்கத்து சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். யார் கேட்டாலும் "ஆள் வருது" என்பார். ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காரப் போகிறவள் நான். நாள் முழுக்க நின்று வேலை செய்யப் போகிறவர் அவர். ஆனாலும் இடம் பிடித்தது அவர்தான், உட்கார்ந்தது நான்.

காண்ட்ராக்டர் மாறியபோது அவரையும் சேர்த்துப் பலரை நிறுத்திவிட்டார்கள். சில மாதம் கழித்து எங்கள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வந்து நின்றார். பக்கத்தில் புதிதாக வந்த கம்பெனியில் பேக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்களாம். காண்ட்ராக்ட் இல்லை, நிரந்தர வேலை. இரண்டு வருஷ அனுபவம் இருப்பதற்கு லெட்டர் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"இதுக்கு எதுக்குக்கா இவ்ளோ சொல்றீங்க, அஞ்சு நிமிஷம்" என்று பெயரை அடித்தேன்.

'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தது. இனிஷியல் இல்லாமல் அடித்தேன். பாதிப் பெயரை அடித்தேன். இல்லை.

"வேற பேர்ல குடுத்திருப்பாங்களாக்கா?"

"எனக்கு ஏதும்மா வேற பேரு? நல்லாப் பாரு."

அடையாள அட்டை கேட்டேன். நிற்கும்போதே காண்ட்ராக்டர் வாங்கிக்கொண்டாராம். காண்ட்ராக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் வந்தார். அந்த ஆள் ஃபோனையே எடுக்கவில்லையாம். நான் சம்பளப் பட்டியல் வேலையில் இருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சிஸ்டத்துல இல்லாம நான் எழுதிக் குடுத்தா என்மேல கேள்வி வரும்க்கா" என்றேன். எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில் அந்தப் பீரோ இருந்தது. சாவி என் மேசை டிராயரில் இருந்தது.

"சரிம்மா, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமையும் போனது.

அடுத்த வாரம் காலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் விவரத்தை அடித்தேன். மத்தியானம் அவளுக்கு கேட் பாஸ் போட அதே பெயரைத் தேடினேன். 'பதிவு எதுவும் இல்லை.' காலையில் என் பத்து விரலால் அடித்த பெயர்! அப்போதுதான் ஆப்மேல் சந்தேகம் வந்தது. ஆப்பை மூடிவிட்டு, அதன் அடியில் இருக்கிற மூலப் பட்டியலைத் திறந்து கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அந்தப் பெண் கடைசியில் இருந்தாள். இரண்டாயிரத்தைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் அக்காவும் இருந்தார். சேர்ந்த தேதி, நின்ற தேதி, பிரிவு, பஸ் ஏறும் இடம் முத்தியால்பேட்டை. பதிவு செய்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்.

அன்று நான் சாப்பிடவில்லை. படித்துப் பார்த்ததில் விஷயம் இவ்வளவுதான். 'தொடங்குகிறதா' என்று கேட்டால் பட்டியல் இருக்கிற இடத்திலேயே தேடல் நடக்கும், எத்தனை ஆயிரம் பெயர் இருந்தாலும் பாதகமில்லை. 'எங்காவது இருக்கிறதா' என்று கேட்டால், ஆப் முதல் ஐந்நூறு பெயரை மட்டும் தன்னிடம் வரவழைத்து அதற்குள் தேடும். செட்டிங்ஸில் அதை இரண்டாயிரம் வரை கூட்டலாம், அதற்கு மேல் முடியாது. 'மீதியை நான் பார்க்கவே இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லாது. கூசாமல் 'இல்லை' என்று சொல்லும். முக்கோணம் சொல்ல வந்தது இதைத்தான்.

அவன் அன்று இரண்டு நிமிஷத்தில் செய்தது அந்த எண்ணைக் கூட்டியதுதான். அதைக்கூட அவசரத்தில் செய்தான் என்று மன்னித்திருப்பேன். ஆனால் நிரந்தர ஊழியர்களைத் தேட மேனேஜருக்கு ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தான். அதைத் திறந்து பார்த்தேன். இனிஷியலைத் தனிக் கட்டத்தில் பிரித்து வைத்து, பெயரைத் தொடக்கத்திலிருந்து தேடும்படி அழகாக எழுதியிருந்தான். மொத்தமே முந்நூறு பேர், எப்படித் தேடினாலும் வந்திருக்கும்.

மாடிப்படிக்குக் கீழே நின்று அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"ஆமா, ரெண்டாயிரம்தான் லிமிட்டு. தாண்டிடுச்சா அதுக்குள்ள?" என்றான் சாதாரணமாக.

"ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். அவ்ளோ சேர நாளாவும்னு நெனச்சேன்."

"மேனேஜர் ஆப்புல மட்டும் ஒழுங்கா செஞ்சிருக்க?"

"அவரு தேடி பேரு வரலன்னா என்னைக் கூப்ட்டு நிக்க வெப்பாரு. இது காண்ட்ராக்ட் லிஸ்ட்டுதான?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஆப்புக்குத் தெரியல, சரி. ஒனக்குத் தெரியும் இல்ல?" என்று கத்தினேன். படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அந்த முக்கோணத்த நீயும்தான தெனமும் பாத்த" என்றான். "ஃபார்முலா அனுப்புறேன், மாத்திக்கோ."

அவன் நம்பரை பிளாக் செய்தேன். ஃபார்முலா வருவதற்குள் செய்துவிட்டோமே என்று பிறகு தோன்றியது. நானே உட்கார்ந்து இனிஷியல்களைப் பிரித்தேன், இரண்டு நாள் ஆனது. இப்போது ஆப் எல்லோரையும் காட்டுகிறது. அக்காவின் பெயரைத்தான் முதலில் தேடினேன். அரை நொடியில் வந்து நின்றது.

லெட்டரை அடித்து, கையெழுத்தும் சீலும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் முத்தியால்பேட்டைக்குப் போனேன். வழியெல்லாம் அவனைத்தான் திட்டிக்கொண்டு போனேன். அக்காவும் என்னோடு சேர்ந்து திட்டுவார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

அவர் வீட்டுக்கு அடுத்த சந்தில், துணிப்பை தைக்கிற ஒரு சின்ன பட்டறையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறும் வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேலே கிடந்த துணியைத் தட்டிவிட்டார். நான் உட்காரவில்லை. கவரைக் கொடுத்தேன். பிரித்து, தன் பெயர் இருக்கிற வரியை விரல் வைத்துப் படித்தார்.

"ஆள் எடுத்து முடிச்சுட்டாங்கம்மா."

"தெரியும்க்கா." எல்லாவற்றையும் சொன்னேன். முக்கோணம், ஐந்நூறு, இரண்டாயிரம், அவன் செய்த துரோகம், ஃபோனில் நான் கத்தியது. "ரெண்டாயிரத்துக்கு மேல அந்த ஆப்புக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

அக்கா லெட்டரைப் பழைய மடிப்பிலேயே மடித்து கவருக்குள் வைத்தார்.

"ஆப்புக்குத் தெரியல, சரிம்மா. ஒனக்குத் தெரியும் இல்ல?"

இதே கேள்வியை நான் கேட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனாவது ஒரு பதில் வைத்திருந்தான்.