வாட்ச்மேன் நம்பரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை, மூன்றாவது முயற்சியில். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. இருந்தும் தட்டச்சில் முதல் வகுப்பு. நூற்று நாற்பது பேர் விண்ணப்பித்த இடத்தில், மருத்துவமனை ஆவண அறையில் தற்காலிக வேலை. அப்பாவோடு ஆடிய சதுரங்கத்தில் ஒரே ஒரு ஆட்டம். தான் விட்டுக்கொடுத்ததாக அவர் இன்றுவரை சாதிக்கிறார். கடைசியாக, மூவாயிரத்து நூற்று இருபது நோயாளிகளின் பதிவுகள்.

வீட்டில் அவள் சின்னவள். எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் சல்லடை. நான் ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். கணினி விஷயத்தை எனக்குப் புரியும்வரை அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளையை மூடி, அதன் நோயாளிப் பட்டியலைப் பெரிய மருத்துவமனையின் கணினியில் சேர்க்க உத்தரவு வந்தது. கணினியில் ஏற்கெனவே 8,288 பேர். கிளைப் பட்டியலில் 3,120 பேர். திங்கட்கிழமை முதல் டாக்டர்கள் பழைய அட்டைகளைத் தொடமாட்டார்கள். திரையில் வருவதைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனியிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் வந்தான். பட்டியலில் உள்ளவர் ஏற்கெனவே கணினியில் இருந்தால் அவர் பதிவைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்க வேண்டும். இருக்கிறாரா என்று எதை வைத்துப் பார்ப்பது? போன் நம்பரை வைத்து என்றான். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. புதியவர்கள் 1,204. திருத்தப்பட்டவர்கள் 1,916. பிழை 0.

மேலாளர் அவனுக்குக் கை கொடுக்க எழுந்தார். சின்னவள் திரையை விட்டு நகரவில்லை.

"தம்பி, அந்தக் கிளைக்காரங்கள்ல இங்கயும் வந்து பார்த்தவங்க நானூறு பேர் இருந்தா அதிகம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் எப்படி வந்துச்சு?"

"அக்கா, பிழை ஜீரோன்னு காட்டுது பாருங்க."

"காட்டும். நீங்க சொன்னதை அது ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. சொன்னதுலதான் ஏதோ கோளாறு."

பட்டியலைப் போன் நம்பர்படி அடுக்கிப் பார்த்தாள். ஒரே நம்பர் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளில் இருந்தது. அந்த நம்பருக்கே போன் போட்டாள். எடுத்தவர் கிளையின் வாட்ச்மேன்.

"அது ஊருக்கே பொது நம்பரும்மா. போன் இல்லாதவங்க எல்லாம் என்னோடதைத்தான் குடுப்பாங்க. சேதி வந்தா நான் கேட்டுல வெச்சு சொல்லிடுவேன்."

"அண்ணே, உங்க பதிவுல இப்ப என்ன இருக்கு தெரியுமா? வயசு இருபத்தாறு, ஏழு மாசக் கர்ப்பம்."

"அய்யய்யோ! அறுபது வயசுல இந்தப் பேர் வேற வாங்கணுமா? வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா வாசல்லயே நிறுத்திடுவா."

"சிரிக்காதீங்கண்ணே. உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

"பென்சிலின். முன்னாடி ஒரு ஊசி போட்டு மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிடுச்சே. உங்க கம்ப்யூட்டர்லதான் சிவப்பா எழுதி வெச்சாங்க."

சிவப்பு எழுத்து அங்கே இல்லை. ஒரே நம்பர் என்பதால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவராக அந்த ஒரு பதிவில் ஏறி, கடைசியாக வந்த பெண் மட்டும் நின்றிருந்தாள். அவளுடைய ஒவ்வாமைக் கட்டம் காலி. காலிக் கட்டம் அவருடைய எழுத்தைத் துடைத்துவிட்டது.

மேலாளருக்கு இது தலைவலியாக இருந்தது.

"ஏம்மா, ஒருத்தருக்காக எல்லாத்தையும் கலைக்கணுமா? அவரை மட்டும் கையால திருத்திடு."

"சிவப்பு எழுத்து இன்னும் எத்தனை பேருக்குப் போச்சுன்னு தெரியலயே சார். இதை ஓட்டுறதுக்கு முன்னாடி காலையில எடுத்து வெச்ச நகலைத் திரும்பப் போடுங்க. மறுபடி செய்யலாம்."

"மாசக் கடைசியில உன் வேலையை நீட்டிக்கச் சொல்லி நான்தான் எழுதணும். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். நகலைப் போடச் சொல்லுங்க."

போட்டார்கள். இன்ஜினியர் நல்ல பையன். ரோஷம் பத்து நிமிடத்தில் ஆறிவிட்டது. ரெண்டு நாள் லீவைத் தள்ளிவைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தான். அவள் சொன்ன முறை இது: பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், பிறந்த வருடம் மூன்றும் ஒத்தால் திருத்து. இரண்டு மட்டும் ஒத்தால் எதுவும் செய்யாதே, தனித்தாளில் எழுதிவை, மனிதர் பார்க்கட்டும். மற்றவர் எல்லாரும் புதியவர். காலிக் கட்டம் எதையும் அழிக்கக்கூடாது.

தனித்தாளில் நூற்று எழுபத்து மூன்று பேர் விழுந்தார்கள். சனிக்கிழமை நான் சாப்பாடு கொண்டுபோனபோது வாட்ச்மேன் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வயதும் பெயரும் ஒன்றாக இருந்த இரண்டு தச்சர்களில் சந்தேகம்.

"ரெண்டும் ஒரே ஆளாண்ணே?"

"ஒரே ஆளா? ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்கம்மா. நீ ஒண்ணாக்கிட்டா என்னைத்தான் அடிப்பாங்க."

அவருக்குத் தெரியாதவர்களுக்கு அவள் பழைய அட்டையைத் தேடி எடுத்தாள். அட்டையும் சொல்லாத ஒன்பது பேரை வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். தட்டை நான் மூன்று முறை முன்னால் தள்ளினேன். "வெச்சிட்டுப் போக்கா" என்றாள், தலை நிமிராமல்.

ஞாயிறு பகல் இரண்டரைக்கு மறுபடி ஓட்டினார்கள். புதியவர்கள் 2,706. திருத்தப்பட்டவர்கள் 414. மொத்தம் 10,994. அவள் முதலில் திறந்தது வாட்ச்மேனின் பதிவை. வயது அறுபது. பென்சிலின் சிவப்பில் இருந்தது. பிறகு சிவப்பு எழுத்து உள்ள பதிவுகள் முழுவதையும் அட்டையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே மேலாளர் ஒப்புதல் தாளோடு வந்தார். 'சரிபார்த்தவர்' என்ற இடம் எப்போதும் அவருடையது. தற்காலிக ஆட்கள் பெயர் எந்தத் தாளிலும் வராது. அன்று அவர் பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

"நான் எதையும் சரிபார்க்கலம்மா. பார்த்தது நீ. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கேள்வியும் உன்னைத்தான் கேப்பாங்க, யோசிச்சுக்கோ."

"கேக்கட்டும் சார்" என்று சொல்லி, அந்த மடங்காத விரல்களோடு, முழுப் பெயரையும் எழுதிக் கீழே தேதி போட்டாள். ஆவண அறையில் என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள் அது: 2024 ஜூன் 10.