ஈயமில்லை, அலுமினியம்

கண்ணை மூடினால் எனக்கு இப்போதும் அந்த வளைவுகள்தான் வரும். இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் ரோட்டு, ஏலக்காய்ச் செடிகளுக்கு மேலே நகராமல் நிற்கும் பனிமூட்டம், கண்ணாடியை இறக்கினால் முகத்தில் படுகிற ஈரக் காற்று. மூன்றாவது கியரில் ஏறும்போது டர்போ மெல்ல விசிலடிக்கத் தொடங்கும். பிறகு கார் தானாகவே மலையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் நான் அரசாங்க உத்தியோகத்தன் இல்லை, வடக்கில் பிறந்தவன் இல்லை, ஒன்றுமே இல்லை. ஏறிக்கொண்டிருக்கிறவன், அவ்வளவுதான்.

அது ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். கந்தோரில் ஃபைல் தள்ளுகிற மனுசனுக்கு டர்போ என்ன கேட்குது என்று பின்னால் பேசினார்கள். பேசட்டும். அவரவர் பைத்தியம் அவரவருக்கு.

இரத்தோட்டை மழையில் அதன் புகைக்குழாய் துருப்பிடித்து உதிர்ந்தபோதுதான் எனக்கு அலுமினியக் கனவு வந்தது. மேசையில் ஃபைல் திறந்து கிடக்கும், நான் குழாயை வளைத்துக்கொண்டிருப்பேன். இரும்பு பாரம், துருவும் பிடிக்கும். எவர்சில்வர் துருப்பிடிக்காது, ஆனால் பாரம் குறையாது. அலுமினியமோ இரும்பில் மூன்றிலொரு பங்கு பாரம்தான், மழைக்கும் அசையாது. அதற்கு ஒரே எதிரி சூடு. டர்போவை விட்டு வெளியே வருகிற புகை லேசுப்பட்டதில்லை. அங்கே அலுமினியத்தை வைத்தால் இளகித் தொங்கிப்போகும். புகை பின்சீட்டுக்குக் கீழே வரும்போது கொஞ்சம் ஆறியிருக்கும். ஆகவே முன்பாதி இரும்பு, பின்பாதி அலுமினியம். இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்க ஏலாது, நடுவிலே தட்டு வைத்து போல்ட் பூட்ட வேண்டும். அதிர்ந்து வெடிக்காமல் இருக்க ரப்பரில் தொங்கவிட வேண்டும். இப்படியே ஒரு மழைக்காலம் முழுக்க நான் அந்தக் குழாயோடு குடும்பம் நடத்தினேன்.

என் மனைவி மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய ஆட்கள் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள். அவர்கள் வீட்டில் அலுமினியத்துக்குப் பெயர் ஈயம். ஈயச் சட்டி, ஈயக் குண்டான். எங்கள் ஊரில் ஈயம் என்றால் பாரமான அந்த ஈயம் மட்டும்தான். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

"என்னங்க, ஒங்க ஈயக் குழாய் எப்ப வருது?"

"இஞ்சேரும், அது ஈயமில்லை, அலுமினியம். உமக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

"சரிங்க பெரிய இன்ஜினியரே. எங்கம்மா ஈயச் சட்டின்னுதான் சொல்லும். சோறு வேகாமலா போச்சு?"

மாத்தளையில் வெல்டிங் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் நான் தாளில் கீறிக் கொடுத்தபடியே குழாயைச் செய்து தந்தார். பின்னேரம் அவளும் நானுமாகப் போய் எடுத்து வந்தோம். கீறு விழக்கூடாதென்று நான் உடுத்திப் பழசான சாரமொன்றில் சுற்றிப் பின்சீட்டில் படுக்க வைத்தேன். சாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் மாலை வெளிச்சம் பட்டு மினுங்கியது. நான் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் அதைப் பார்த்ததுதான் அதிகம். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சந்தோசமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், இரத்தோட்டைக்குக் கீழே செக்பொயின்ட். இரண்டு ஆமிக்காரர்கள். என் சிங்களம் அரைகுறை என்பதால் இந்த மாதிரி இடங்களில் எப்போதும் அவள்தான் பேசுவாள். ஒருவன் என் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, மற்றவனிடம் காட்டினான். பிறகு பின்சீட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டான்.

"ஈயம் பட்டயக் மாத்தயா," என்றாள் அவள். ஈயக் குழாய்.

சிங்களத்திலும் ஈயம் என்ற சொல் உண்டு. அங்கே அது துப்பாக்கிச் சன்னத்துக்கு உருக்குகிற ஈயம். வாயில் ஊறிய வீட்டுச் சொல் அப்படியே வந்துவிட்டது. அவளுக்குப் புரிவதற்கு முன் எனக்குப் புரிந்தது. வடக்கில் பிறந்த ஒருத்தன், சாரத்தில் சுற்றிய ஒரு குழாய், வாய் திறந்து ஈயம் என்று சொல்லிவிட்ட மனைவி. இறங்கச் சொன்னார்கள். கையைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். துவக்கின் வாய் என் நெஞ்சுக்கு நேரே வந்தது. வடக்கில் சண்டை நடந்த அந்த வருசங்களில் இப்படி இறக்கப்பட்டவர்கள் எல்லோரும் வீடு திரும்பவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

"சோத்துச் சட்டி," என்றேன் தமிழில், மெதுவாக. "சோத்துச் சட்டி எண்டு சொல்லும்."

அவள் முகம் வெளுத்துப்போனது. பிறகு சிங்களத்தில் கொட்டினாள். சோறு வேகிற சட்டி செய்கிற சாமான், மாத்தயா, அலுமினியம், காருக்குப் பூட்டுகிறது, நான்தான் பேர் மாற்றிச் சொல்லிவிட்டேன். கேள்வி கேட்டவன் நம்பவில்லை. குழாயைப் பாதிக்கு வெளியே இழுத்து, சாரத்தை உருவி எறிந்துவிட்டு, ஈயம் தூக்குகிறவன் மாதிரிக் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, ஒரே மூச்சில் தூக்கினான்.

குழாய் அவன் தலைக்கு மேலே பறந்தது. பலத்தையெல்லாம் கூட்டியவன் பின்னாலே தடுமாறி, தொப்பி விழ, தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டான்.

எனக்குக் காவல் நின்றவன்தான் முதலில் சிரித்தான். விழுந்தவனும் சிரித்தான். ஒரு கையால் தூக்கிப் பார்த்தான், பிறகு ஒரு விரலில் நிறுத்திப் பார்த்தான். மற்றவனும் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் அதை வாங்கி, ஒரு கண்ணை மூடி, அதற்குள்ளால் மலையைப் பார்த்தான். மூட்டம் இறங்கி எல்லோரையும் சுற்றிக்கொண்டது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அடையாள அட்டையைத் தந்து, போகலாம் என்றார்கள்.

என் கைகள் தலையிலேயே இருந்தன. இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் இறக்கத் தெரியவில்லை. அவள்தான் கிட்ட வந்து, ஒவ்வொரு கையாகப் பிடித்து இறக்கிவிட்டு, "போவோம், வாங்க," என்றாள்.