லக்கி லூசரின் திங்கட்கிழமை

எங்கள் தொழிலில் காசு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாம் எவ்வளவு மட்டம் என்பது மட்டும் திங்கட்கிழமைதோறும் உலகத்துக்கே தெரியும்படி தவறாமல் வெளியாகிவிடும்.

நான் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரன். நீங்கள் டிவியில் பார்க்கிற வகை இல்லை. உலகத் தரவரிசைப் பட்டியலை செல்போனில் தள்ளிக்கொண்டே போய், விரல் வலித்து, போதும் என்று விட்டுவிடுவீர்களே, அதற்கும் கீழே இருக்கிற வகை. திங்கட்கிழமை என்றாலே பயப்படுகிற ஆபீஸ்காரர்கள், டார்கெட்டுக்கு ஓடுகிறவர்கள் எல்லோரும் எனக்கு உறவுக்காரர்கள்தான்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு புள்ளி. போன வருடம் வடக்கே ஒரு சின்னப் போட்டியில் முதல் சுற்றை ஜெயித்து வாங்கியது. புள்ளிக்கு ஆயுசு ஒரு வருடம். அதற்குள் இன்னொன்று வாங்காவிட்டால் பட்டியலில் பெயரே இருக்காது. என் அப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அவருக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு: பட்டியலில் பெயர் இருக்கும்வரை ஆடலாம், போய்விட்டால் வையம்பட்டியில் என் மாமாவின் மோட்டார் பம்ப்செட் கடைக்குப் போய்விட வேண்டும். மாமா நல்லவர், மோட்டாரும் நல்ல மோட்டார். எனக்குத்தான் அங்கே போய் உட்கார மனசில்லை.

புள்ளி காலாவதியாகிற திங்கட்கிழமைக்கு முந்தின வாரம் எங்கள் திருச்சியிலேயே ஒரு போட்டி வந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு.

பஸ்ஸில் ஒரு விசாரணை

என் தரவரிசைக்கு நேராகப் பெரிய சுற்றில் இடம் கிடையாது. தகுதிச் சுற்றில் ஜெயித்துத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போய் ஒரு மேட்ச் ஜெயித்தால்தான் புள்ளி. ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகர் பக்கம் இருந்த மைதானத்துக்குப் பஸ் ஏறினேன். என் பை ஒரு ஆள் இடத்தை அடைத்தது. பாலத்தில் போகும்போது காவிரியைக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. இருக்கிற இரண்டு மட்டையில் ஒன்றின் நரம்பு அறுந்தால் என்ன செய்வது என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, என்ன விளையாட்டு, எந்த ரேங்க் என்று கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லாமல் உண்மை நம்பரையே சொன்னேன். அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்: "உலகத்துல அவ்ளோ பேரா தம்பி டென்னிஸ் ஆடுறாங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம்

பெரிய போட்டிகளில் கோட்டைப் பார்க்க மெஷின் உண்டு, ஆள் உண்டு. எங்கள் தகுதிச் சுற்றில் அவரவர் பக்கத்துக் கோட்டுக்கு அவரவரே நீதிபதி. பந்து வெளியே விழுந்தால் நாமே "அவுட்" என்று கத்த வேண்டும். முதல் மேட்ச் புனேக்காரப் பையனோடு. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ரங்கராஜன் மாமா, குடியிருக்கிற பையன் ஆடுகிறானே என்று ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி வந்து, நெற்றியில் திருமண்ணோடு வேலி ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது செட்டில் முக்கியமான நேரம். அவன் அடித்த பந்து என் பின்கோட்டு ஓரத்தில் விழுந்தது. "அவுட்" என்றேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கணீரென்று ஒரு குரல்: "ஏண்டா, கோட்டுல பட்டுதேடா! நன்னா பார்த்தேனே!" புனேப் பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மாமா கையை நீட்டிக் காட்டிய இடம் எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். குனிந்து பார்த்தேன். மண் தரையில் பந்து பதிந்த அடையாளம் கோட்டை உரசிக்கொண்டுதான் இருந்தது. தவறாகச் சொன்னவன் புள்ளியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் கோட்டைப் பார்ப்பதா, மாமாவைப் பார்ப்பதா என்று தெரியாமல், எப்படியோ ஜெயித்தேன். உங்களால் தோற்றிருப்பேனே மாமா என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். அவர் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்: "பெருமாள் எல்லாத்தையும் பார்த்துண்டுதான் இருக்கார். அவர் கூட நானும் பார்த்துண்டிருந்தேன்."

அம்மாவின் வேண்டுதல்

தகுதிச் சுற்றின் கடைசி மேட்ச்சில் தோற்றேன். வையம்பட்டி பஸ் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் போட்டி நடுவர் கூப்பிட்டார். எங்கள் ஆட்டத்தில் "லக்கி லூசர்" என்று ஒரு பதவி இருக்கிறது. பெரிய சுற்றில் யாராவது உடம்பு முடியாமல் விலகினால், தகுதிச் சுற்றின் கடைசியில் தோற்றவர்களில் ஒருவனுக்கு அந்த இடம். தோற்றவர்களில் பட்டியலில் பெயர் இருந்தவன் நான் மட்டும்தான். சாகப் போகிற அந்தப் புள்ளி என்னை வரிசையில் முதலில் நிறுத்தியது. ஷூ கட்டி, மட்டையோடு, தயாராக உட்கார்ந்திருக்கச் சொன்னார்.

இது எவ்வளவு கேவலமான உத்தியோகம் தெரியுமா? யார் நொண்டுகிறான், யார் இருமுகிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விவரத்தைச் சொன்னேன். அம்மா நேரே கோயிலுக்குப் போய்விட்டு வந்து, குங்குமத்தை வைத்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "யாருக்கும் பெருசா ஒண்ணும் வந்துடக் கூடாது, லேசா ஏதாவது வந்தாப் போதும்னு வேண்டிக்கிட்டேன்டா."

மாத்திரை

வேண்டுதல் பலித்தது. ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் பெருமாள் விளையாடிவிட்டார்.

சரவணன் மதுரைக்காரன். எத்தனையோ ஊரில் நானும் அவனும் ஒரே ரூமில் தங்கியவர்கள், ஒரே வாளியில் துணி துவைத்தவர்கள். பெரிய சுற்றில் இருந்த அவன், ஓட்டல் செலவு வேண்டாமே என்று எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். அன்று சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் எதையோ தின்றிருக்கிறான். மறுநாள் காலை அவன் மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, டிரெஸ்ஸிங் ரூம் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அதற்குள் நாலைந்து தடவை போய்விட்டு வந்தாயிற்று. "முடியாது போல மாப்ள. விலகுறேன்னு சொல்லிடவா?" என்றான். பிறகு, "அம்மா உன் பையில மாத்திரை வச்சிருப்பாங்களே, இருக்கா?" என்றான்.

இருந்தது. பையின் பக்கத்து ஜிப்பில், உப்பு சர்க்கரைப் பொட்டலத்தோடு. கையை உள்ளே விட்டேன். அட்டை விரலில் பட்டது. கை வெளியே வர மறுத்தது. 'இல்லடா' என்ற ஒரு சொல் போதும். அவன் இடத்தில் நான் இறங்கலாம், ஒரே ஒரு மேட்ச் ஜெயித்தால் இன்னும் ஒரு வருடம் ஆடலாம். சரவணனோ கண்ணை மூடிக்கொண்டு, கையை மட்டும் நீட்டியபடி காத்திருந்தான். இல்லை என்று நான் சொல்லக்கூடும் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. அதுதான் என்னைத் தோற்கடித்தது. மாத்திரையைக் கொடுத்தேன். உப்பு சர்க்கரையையும் தண்ணீரில் கலந்து கொடுத்தேன்.

வேலி ஓரத்தில் நின்று அவன் மேட்ச்சைப் பார்த்தேன். அவன் குனியும்போதெல்லாம் விழுந்துவிடுவானோ என்று பயந்தேன். விழவில்லையே என்றும் பயந்தேன். இரண்டே செட்டில் ஜெயித்தான். வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவன் காதோரம் கேட்டான்: "மாப்ள, அந்த அட்டையில மிச்சம் இருக்கா? நாளைக்கும் மேட்ச் இருக்கு."

திங்கட்கிழமை

மற்ற யாரும் விலகவில்லை. வாரம் முடிந்தது.

அப்பா திங்கட்கிழமை காப்பி குடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைத் திறப்பார். அன்றும் திறந்தார். நான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் விரல் மேலிருந்து கீழே போனது, கீழிருந்து மேலே வந்தது, மறுபடியும் கீழே போனது. பெயர் இருக்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் அவர் தேடுவதை நிறுத்தவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நல்லாத் தேடிட்டேன்டா, உன் பேர் இல்ல. அந்த வயித்துவலிப் பையன் பேரு மேல போயிருக்கு."

மறுநாள் காலை வையம்பட்டி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. யாரும் விலகாமலேயே எனக்கு ஓர் இடம் கிடைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.