முதல் சுற்றில் அத்தான்

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும். அது வந்து போகிற இடைவெளியில் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் பாவம். அந்தச் சனிக்கிழமை காலை என் சமையலறையில் அப்படி அகப்பட்டவர் மதுரைக்காரர். லண்டன் குட்மேய்ஸில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். வங்கி ஒன்றில் கணினி வேலை. நாற்பது வயது தாண்டியவர்களுக்கான எங்கள் தமிழ்க் கால்பந்து லீக்கில் குட்மேய்ஸ் அணிக்கு நான் கப்டன், அவர் கோல் காப்பாளர். கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆலோசகரும் அவர்தான்.

மடிகணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "அண்ணே, ஏழு வருஷமா நீங்க முதல்ல எடுக்கிற ஆள் யாரு?"

"அத்தான்."

"அவரை வேற எந்த டீமாச்சும் கேட்டிருக்கா?"

நான் தேத்தண்ணியைக் கலக்கினேன். சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்" என்றார்.

எங்கள் லீக்கில் ஆறு அணிகள். ஒவ்வொரு வசந்தத்திலும் பழைய அணிகளைக் கலைத்துவிடுவோம். கப்டனும் அவருக்குத் துணையாக ஒருவரும் மட்டும் மாறமாட்டார்கள். மற்ற எல்லாருடைய பெயரும் ஒரே பட்டியலுக்குப் போய்விடும். கப்டன்மார் ரைஸ் குக்கர் சட்டியில் சீட்டு எடுத்து வரிசையைத் தீர்மானிப்போம். ஒரு கிழமை கழித்து, வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில், அந்த வரிசைப்படி சுற்றுக்கு ஒருவராக ஒன்பது சுற்று ஆள் எடுப்போம். இதற்கு 'ஆள் பிரிப்பு' என்று பெயர். பெயரைக் கூப்பிட்டதும் அந்த ஆள் எழுந்து போய் ஜேர்சியை வாங்கிக்கொண்டு அந்த அணியின் நீள வாங்கில் உட்கார வேண்டும். கூப்பிடப்படாதவர்கள் நடுவில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து, தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்ற முகத்தோடு ரோல்ஸ் சாப்பிடுவார்கள். மனைவிமார் சுவரோரமாக இருந்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதுதான் வில்லங்கம்.

இத்தனை பேர் முன்னால் சொந்த அக்காவின் புருஷனை நாலாம் சுற்றிலோ ஐந்தாம் சுற்றிலோ கூப்பிட முடியுமா? என்னால் முடியாது. அத்தான் என்னை ஹீத்ரோவில் வந்து ஏற்றிய மனிதர். மூன்று வருடம் தன் வீட்டுச் சின்ன அறையைத் தந்தவர். என் அகதி வழக்குக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் போன ஒவ்வொரு முறையும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வெளியே குளிரில் நின்றவர். அவருக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. வலது முழங்காலில் எப்போதும் ஒரு பட்டி. ஓடினால் நடக்கிற மாதிரி இருக்கும். இருந்தாலும் ஏழு வருடமும் முதல் சுற்றில் நான் கூப்பிட்ட பெயர் அவருடையதுதான். ஏழு வருடமும் நாங்கள் கடைசி அல்லது கடைசிக்கு முந்தின இடம். இன்னொருத்தனுடைய மச்சானை மற்றவர்கள் எடுப்பதில்லை என்பது லீக்கில் எழுதாத சட்டம்.

இந்த முறை எனக்கு விழுந்தது முதலாம் நம்பர் சீட்டு. பட்டியலில் புதிதாக ஒரு பஸ் சாரதி இருந்தார். போன மாதம்தான் நாற்பது முடிந்தது. அவர் பந்தோடு ஓடினால் பிடிக்க இன்னொரு பஸ்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆறு கப்டன்மாருக்கும் அவர் மேல்தான் கண்.

"உங்க லீக்குல முதல் சுற்று கல்யாணப் பந்தி மாதிரி இருக்குண்ணே. சம்பந்திய முதல்ல உக்கார வைக்கிறீங்க" என்றார் மதுரைக்காரர். அவர் அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறவர். கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறதை ஏன் கால்பந்து என்கிறார்கள் என்ற என் கேள்விக்கு இன்றுவரை அவரிடம் பதில் இல்லை. அங்கேயும் அணிகள் முறைவைத்துத்தான் ஆள் எடுக்குமாம். கெட்டிக்கார அணி முதல் முறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்காதாம். அவசரப்படுகிற அணிக்கு அதைக் கொடுத்துவிட்டு, கீழே இரண்டு முறையாக வாங்கிக்கொள்ளுமாம். டிரேட் டவுன் என்றார்.

"குரோய்டன் கப்டன் எனக்கு போன் பண்ணாரு. அஞ்சாவது சீட்டு அவரோடது. நம்ம முதல் முறையும் கடைசி சுற்று முறையும் அவருக்கு. அவரோட முதல் சுற்று, ரெண்டாவது சுற்று முறை ரெண்டும் நமக்கு."

"விசர்க்கதை கதையாதையும். இருக்கிறதை விட்டிட்டுப் பறக்கிறதைப் பிடிக்கிற கதை இது."

"அந்த பஸ்காரரை நீங்க எடுக்கப்போறதே இல்லையே. அத்தானைத்தானே எடுப்பீங்க? அவரை நம்மோட கடைசி முறையா எட்டாவது சுற்றுல எடுத்தாலும் அதே அத்தான்தான்."

அப்போதுதான் கோபம் வந்தது. மேசையில் ஓங்கி அடித்ததில் அவர் தேத்தண்ணி கணினியில் தெறித்தது. என் அத்தானை எட்டில் கூப்பிட நீர் யார் என்று கத்தினேன். அவர் துண்டை எடுத்துக் கணினியைத் துடைத்தார். பத்து நிமிடம் எதிர்த்து வாதாடினேன். பெரிய ஆட்டக்காரன் ஒருவனே போதும் என்றேன். ஏழு பேர் விளையாடுகிற ஆட்டத்தில் ஒருத்தனுக்குக் கால் சுளுக்கினால் என்ன செய்வீங்க என்றார். நல்லவன் ஒருத்தன், பரவாயில்லாத இரண்டு பேருக்குச் சமம் என்றேன். பரவாயில்லாதவங்ககூட நம்மகிட்ட இல்லையேண்ணே என்றார். குரோய்டன்காரருக்கு நானே போன் பண்ணினேன்.

பிறகு அக்காவுக்கு எடுத்தேன்.

"உனக்கென்ன இந்த வயசிலையே அறளை பேந்திட்டுதோ?" என்றாள் அக்கா. "அந்தாள் எட்டாம் சுற்று மட்டும் வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? அவ்வளவு சனத்துக்கு முன்னாலை? முதலே அவரிட்டைச் சொல்லிப்போடு. சொல்லாமல் செய்தியெண்டால் என்ர வீட்டுப் படி மிதியாதை."

சொல்லத்தான் போனேன். அத்தான் பின்கட்டில் பழைய பல் தூரிகையால் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "முதல் சீட்டாமே உனக்கு?" என்று கேட்டுவிட்டுத் தேய்ப்பதில் குனிந்துகொண்டார். அவர் வீடு வரும்வரை காரில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தை அப்படியே விட்டுவிட்டேன். முழங்கால் எப்படி அத்தான் என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். அக்கா தந்த வடையைச் சாப்பிட்டுவிட்டு, சொன்னதாக அவளுக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இதைவிடப் பெரிய கோழைத்தனம் நான் செய்ததில்லை.

மண்டபத்தில் முதல் பெயரைக் கூப்பிட்டது நானல்ல, குரோய்டன் கப்டன். பஸ் சாரதி எழுந்து போனார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தான் வழக்கம்போல் எழும்பத் தயாராகக் கதிரை விளிம்புக்கு வந்திருந்தார். மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்தார். ஐந்தாவதாக என் முறை வந்தது. நல்ல மூச்சுள்ள தபால்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். இரண்டாம் சுற்றில் எனக்கு இரண்டு முறை. மலேசியாவிலிருந்து வந்த பல் வைத்தியரும் ஒரு மின்சாரத் தொழிலாளியும் வந்தார்கள். அருமையான ஆட்கள். எனக்கோ வியர்த்து ஊற்றியது. சுவரோரம் அக்காவைப் பார்க்கவே பயம். அத்தான் காகிதக் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இருந்திருக்காது.

மூன்றாம் சுற்றில் முதல் முறை என்னுடையது. வாயைத் திறந்துவிட்டேன். மதுரைக்காரர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார். "எட்டுண்ணே, எட்டு."

இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னேன்.

ஐந்தாவதாகக் குரோய்டன் கப்டன் எழுந்தார். பழைய கப்டன் விலகியதால் லீக்குக்கு இந்த வருடம்தான் வந்தவர். எழுதாத சட்டத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அத்தானின் பெயரைச் சொன்னார்.

ஒருவர் ரோல்ஸைக் கடித்தபடியே நின்றுவிட்டார்.

"என்னையோ?" என்றார் அத்தான்.

"ஓம் அண்ணை, உங்களைத்தான். போன வருஷம் உங்கட மட்ச் ரெண்டு பாத்தனான். என்ர டீமிலை இப்ப இருக்கிறது எல்லாம் ஊமையள். பின்னுக்கு நிண்டு பாத்துப் பாத்துக் கத்த ஒரு ஆள் வேணும். உங்களை மாதிரி ஆட்டத்தைப் பாக்கிற ஆள் இந்த லிஸ்டிலை இல்லை."

அத்தான் எழுந்தார். வழக்கத்தைவிட வேகமாக நடந்தார் என்று எனக்குத் தோன்றியது. ஜேர்சியை வாங்கியவர் அதை மடியில் வைக்காமல், சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தார். முதல் ஆளாய் என்னிடம் வாங்கிய ஏழு ஜேர்சிகளில் ஒன்றைக்கூட அவர் அங்கே போட்டுப் பார்த்ததில்லை.

திரும்பும்போது மூவரும் என் காரில்தான். அக்கா பின்னால் வெடிக்கத் தயாராக இருந்தாள். அவளை முந்திக்கொண்டு அத்தான் பேசினார்.

"ஏழு வருஷம் நீ கூப்பிட்டனி. ஒவ்வொரு முறையும் எழும்பி வரேக்கை எனக்குக் கூச்சமாத்தான் இருந்தது. அக்காவுக்குப் பயந்தும், குரோய்டன் ஒபிஸ் வாசல்லை நான் நிண்டதுக்காண்டியும் கூப்பிடுறாய் எண்டு சபைக்கே தெரியும். எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன் அத்தான் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ கோவிப்பாய். அதோடை, நீ கூப்பிடாட்டில் ஒருத்தரும் கூப்பிடாயினம் எண்ட பயமும் இருந்தது." ஜேர்சியின் சுருக்கத்தை நீவிவிட்டார். "இண்டைக்கு அந்தப் பெடியன் என்னை விளையாடக் கூப்பிட்டவன்."

எனக்குக் கண் கலங்கியது. பச்சை விளக்கு விழுந்தும் நின்றேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்துத் தீர்த்தான். அக்கா மட்டும் நடைமுறைக்கு வந்துவிட்டாள். "அதெல்லாம் சரி, கிழமைக்குக் கிழமை லண்டனுக்கு மற்றப் பக்கம் குரோய்டனுக்கு இவரை ஆர் ஏத்திக்கொண்டு போறது?"

"ரெயின் இருக்கு, ட்ராம் இருக்கு. நான் போவன்" என்றார் அத்தான்.

போனார். ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. எங்கள் அணியும் அந்த வருடம் பரவாயில்லை. தபால்காரர் ஓடினார், பல் வைத்தியர் அடித்தார். மதுரைக்காரர் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். என்னால் திட்டவும் முடியவில்லை.

ஜூனில் குரோய்டனோடு மோதினோம். பஸ் சாரதி அன்றைக்கு வேலை ஷிப்ட், வரவில்லை. சுலபம் என்று நினைத்தேன். பத்தாவது நிமிடம் பந்து என் காலுக்கு வந்தது. மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஒரு குரல். "அவன் வலக்காலாலை ஒண்டும் செய்யான்! இடப்பக்கத்தை மூடு! மூடினால் கோவத்திலை சும்மா உதைவான்!"

மூடினார்கள். கோபத்தில் சும்மா உதைத்தேன். பந்து வேலிக்கு வெளியே போனது. ஆட்டம் முடியும்வரை அந்தக் குரல் ஓயவில்லை. தபால்காரர் எப்போது களைப்பார், பல் வைத்தியர் எந்தப் பக்கம் திரும்புவார் எல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. ஏழு வருடம் இதே குரல் எனக்குப் பின்னால் கத்தியது. பெரியவர் சொல்கிறாரே என்று தலையாட்டினேனே தவிர, என்ன சொல்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஒன்றுக்கு இரண்டாகத் தோற்றோம்.

முடிந்ததும் நேரே குரோய்டன் கப்டனிடம் போனேன். அத்தான் பக்கத்து வாங்கில் முழங்கால் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் என்ர முதல் முறையைத் தாறன். இவரை எனக்கு விடும்" என்றேன்.

அக்காவின் நினைவோ குரோய்டன் குளிரின் நினைவோ அப்போது எனக்கு இல்லை. வெல்ல வேண்டும் என்ற ஆசை மட்டும்தான். அத்தான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பாக, கப்டன் பக்கம் திரும்பினார்.

"ஒண்டு காணாது தம்பி. ரெண்டாம் சுற்றையும் சேர்த்துக் கேளும்."